பழைய லான்சருக்கு எல்ஈடி சிக்னல்: பின்னால் சரி, முன்னால் வேண்டாம்

கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு பின்னேரம். டெவோன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்காக வலதுபுறம் ஒதுங்கினேன். பின்னால் வந்த கொழுந்து லொறி சடாரென்று பிரேக் அடித்து, எங்கள் டிக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில் எட்டாம் தரம் படிக்கிறாள். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை.

"டீச்சர், சிக்னல் போட்டீங்களா?"

"போட்டேனே."

"எனக்கு ஒன்னும் தெரியல. நீங்களே வந்து பாருங்க."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஊதுபத்தி நுனியில் இருக்கும் நெருப்பு அளவுக்கு. பனி இறங்கிய நேரம் வேறு. பத்தடி தள்ளி நின்றால் அந்தச் செம்மஞ்சள் நிறமே தெரியவில்லை.

எங்களுடையது 1982ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர். 'லான்சர் பொக்ஸ்' என்றால் இலங்கையில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நாலாபக்கமும் சதுரமாகப் பெட்டி மாதிரி இருக்கும். மாமனார் வாங்கியது. அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். கொட்டகலையில் வீடு, லிந்துலைப் பக்கம் பாடசாலை. ஏ7 வீதியில் தினமும் போய் வருகிறேன். எஞ்சின் இன்றைக்கும் முதல் சாவியிலேயே பிடிக்கும். அந்தக் காரை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை, அதனால்தான் இந்த சிக்னல் விஷயத்தில் இத்தனை மாதம் மெனக்கெட்டேன். என்ன வாங்கினேன், எது உருப்படியாக இருந்தது, எது காசைத் தின்றது என்பதைச் சொல்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ரோட்டில் சிக்னல் என்பது திரும்புவதற்கு மட்டும் இல்லை. முன்னால் போகும் லொறி வலது சிக்னல் போட்டால் 'எதிரே வாகனம் வருது, முந்தாதே' என்று அர்த்தம். இடது சிக்னல் போட்டு ஓரம் எடுத்தால் 'போ' என்று அர்த்தம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தை நம்பித்தான் நாம் வலது பக்கம் எட்டிப் பார்க்கிறோம். பின்னால் வருகிறவருக்கு நானும் அதே பதிலைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் இல்லையா?

சரி, அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு உதிரிப்பாகக் கடை. 'சிக்னலுக்கு எல்ஈடி பல்ப்' என்று கேட்டதும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சோடி எடுத்து வைத்தார். வெள்ளை எல்ஈடி, சோடி 900 ரூபா. நான்கு வேண்டும் என்று இரண்டு சோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின் லைட்டின் கவரைக் கழற்றி மாட்டிப் பார்த்தால், ஒரு சோடி ஹோல்டருக்குள் போகிறது, மற்றச் சோடி போகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பல்பின் அடியில் இரண்டு சின்னக் காதுகள் இருக்கும் அல்லவா? எங்கள் காரின் 21 வாட் பல்பில் அவை நேரெதிரே இருக்கின்றன. இந்த வகைக்கு பிஏ15எஸ் என்று பெயர், கடைகளில் 1156 என்று கேட்டால் தருவார்கள். மற்றச் சோடியில் ஒரு காது கொஞ்சம் விலகி, 150 பாகையில் இருந்தது. அது பிஏயு15எஸ். மஞ்சள் பூச்சுக் கண்ணாடி பல்புக்கான அளவு அது. நிறமில்லாத கவர் போட்ட கார்களில் யாரும் தவறுதலாக வெள்ளை பல்பை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே காதை அப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோனேன். "அதுக்கென்ன டீச்சர், ஒரு காதை அரத்தால ராவிட்டா போயிடும்" என்று அரத்தைக் கையில் எடுத்துவிட்டார். நான் பல்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு காதில் தொங்கும் பல்ப், எங்கள் ரோட்டின் குலுக்கலுக்கு எத்தனை நாள் தாங்கும்? அவர் மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை. அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

ஹோல்டருக்குள் போன சோடியைப் பின்னால் மாட்டிப் பார்த்தேன். சிக்னல் கைப்பிடியைத் தட்டினால் எரிகிறது. ஆனால் துடிக்கவில்லை, எரிந்தபடியே நிற்கிறது. முன் பல்பையும் கழற்றி வைத்துத்தான் அப்படிச் சோதித்தேன். முன்னால் பழைய பல்ப் இருக்கும்போது ஏதோ சோம்பலாக அணைந்து அணைந்து எரிந்தது. காரணம் ஃப்ளாஷர், அதாவது சிக்னலைத் துடிக்க வைக்கும் சாமான். எங்கள் காரில் இருந்தது இரண்டு காலுள்ள தகர டப்பா ஃப்ளாஷர். அதற்குள் ஈருலோகச் சட்டம், அதாவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, இருக்கிறது. பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் அதே சட்டம். பல்புக்குப் போகும் மின்னோட்டம் அதைச் சூடாக்கும், சட்டம் வளையும், தொடுகை விடும், பல்ப் அணையும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும். 'டிக் டிக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். 21 வாட் பல்ப் ஒன்று கிட்டத்தட்ட 1.75 அம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் சேர்த்தால் மூன்றரை. நான் வாங்கிய எல்ஈடி அரை அம்பியர்கூட இழுப்பதில்லை. அந்தக் கொஞ்ச மின்னோட்டத்துக்குச் சட்டம் சூடாகவே ஆகாது. கொஞ்சம் புதிய கார்களில் இதே காரணத்தால் எதிர்மாறாக நடக்கும். பல்ப் ஒன்று ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்து சிக்னல் இரண்டு மடங்கு வேகத்தில் படபடக்கும்.

இதற்கு ஒரு கராஜில் 'ரெசிஸ்டர் போட்டா சரியாயிடும்' என்றார்கள். தங்க நிறத்தில், செதில் செதிலாக அலுமினிய உடம்போடு இருக்கும் 6 ஓம், 50 வாட் தடை. இரண்டுக்கும் கூலியோடு 2,400 ரூபா எடுத்தார்கள். பல்புக்குச் சமாந்தரமாக இணைத்ததும் சிக்னல் அழகாகத் துடித்தது. நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். எங்கே வைத்தார்கள் என்று டிக்கியைத் திறந்து பார்க்காமல் வந்தேன். அது என் தவறு.

மூன்றாம் நாள் நானுஓயாவுக்கு ஒரு கருத்தரங்குக்குப் போகும்போது கடுமையான பனி. ஓரமாக நிறுத்தி ஹசாட் (நான்கு சிக்னலும் ஒன்றாகத் துடிப்பது) போட்டு, பனி விலகும்வரை இருபது நிமிஷம் காத்திருந்தேன். ரப்பர் கருகுகிற வாடை வந்தது. இறங்கி டிக்கியைத் திறந்தால், வயர்கட்டோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி அந்தத் தடையைக் கட்டியிருக்கிறார்கள். டேப் உருகிக் களிமண் மாதிரி வழிந்து, பக்கத்து வயரின் மேல்தோல் பளபளவென்று இளகி நின்றது. நுனி விரலில் கொஞ்சம் தண்ணீரைத் தொட்டுத் தடையின் மேல் விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி 'சொய்' என்று பறந்தது.

கணக்கு மிகச் சுலபம். எஞ்சின் ஓடும்போது அழுத்தம் 14 வோல்ட் அளவில் இருக்கும். 14ஐ 14ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 32 வாட்டுக்கு மேல் வரும். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஈயம் உருக்க வைத்திருக்கும் சோல்டரிங் அயனே 30 வாட்தான். சிக்னல் பாதி நேரம் அணைந்திருப்பதால் பாதிச் சூடு என்று வைத்துக்கொண்டாலும், அதை வயர்களுக்கு நடுவே டேப் சுற்றி வைக்கலாமா? இந்தத் தடையை வாங்குவதே என்றால், அதைக் காரின் இரும்பு உடம்பில், வயரும் பிளாஸ்டிக்கும் தொடாத இடத்தில், போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதைவிட வாங்காமலே இருப்பது நல்லது. எல்ஈடி போட்டு மிச்சம் பிடித்த மின்சாரத்தையெல்லாம் சூடாக்கி வீசுகிற சாமான் அது. அன்றைக்கே வயரை வெட்டி விட்டு, கையால் சைகை காட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

இனி நல்ல பகுதி. தலவாக்கலையில் ஒரு இளம் ஓட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். சக ஆசிரியை ஒருவர் அனுப்பி வைத்தார். தம்பி நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு எல்ஈடி பல்பைத் தொடவே இல்லை. "பழைய பல்ப் இருக்கா டீச்சர்? அதையே போடுங்க, முதல்ல அத பாப்போம்" என்றார்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் செய்ததுதான் இந்த முழு விவகாரத்திலும் பெறுமதியான வேலை. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, டிக் டிக் சத்தம் வரும் இடத்தில் ஃப்ளாஷரைக் கண்டுபிடித்துக் கழற்றினார். அதன் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். இப்போது சிக்னல் துடிக்காமல் விடாமல் எரியும், அளக்க வசதி. மல்டிமீட்டரைப் பெட்டரியில் வைத்தார், 12.4 வோல்ட். பின் பல்பில் வைத்தார், 9.8. இரண்டு வோல்ட்டுக்கு மேல் எங்கே போனது? ஒரு முனையை ஹோல்டரின் இரும்பிலும், மற்ற முனையைப் பெட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்துக் காட்டினார். அங்கே 2.1. பூச்சியமாக இருக்க வேண்டிய இடம் அது. "பாருங்க டீச்சர், எர்த் தின்னுது" என்றார். எர்த் என்றால் மின்னோட்டம் காரின் உடம்பு வழியாகப் பெட்டரிக்குத் திரும்பும் இணைப்பு.

டிக்கியின் மூலையில் ஒரு ஸ்குரூ. அதில் கறுப்பு வயர் ஒன்று வந்து இறுகியிருந்தது. கழற்றினால், வயர் நுனி வளையம் முழுவதும் பச்சைப் பொடி, அதற்குக் கீழே உடம்பில் துரு. நாற்பது வருஷ மழை, நாற்பது வருஷப் பனி. தம்பி எமரிக் கடதாசியால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். புது வளையம் வைத்து, புது ஸ்குரூ போட்டு, மேலே கிரீஸ் தடவினார். ஹோல்டரின் உட்சுவரையும் அதே கடதாசியைச் சுருட்டி விட்டுத் திருகித் தேய்த்தார். மறுபடி அளந்தால் எர்த்தில் 0.1, பல்பில் 11.7. அதே பழைய பல்ப், கண் கூசுகிறது!

இழை பல்பின், அதாவது உள்ளே கம்பி சூடாகி எரியும் பழைய பல்பின், வெளிச்சம் அழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாக விழும். அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். லொறிக்காரர் பார்த்தது அந்தப் பாதிக்கும் கீழான வெளிச்சத்தை. நான் இத்தனை நாளும் பல்பைக் குறை சொல்லிக்கொண்டு அலைந்தேன். தம்பி கேட்டது 1,500 ரூபா. நான் இரண்டாயிரம் கொடுத்தேன், மிச்சம் வாங்கவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தால் நல்லது என்ற எண்ணம் போகவில்லை. "போடுறதுன்னா மஞ்சள் எல்ஈடி போடுங்க, வெள்ளை வேணாம். ஃப்ளாஷரையும் மாத்திடுவோம்" என்று தம்பி சொல்லியிருந்தார். ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகம் என்றால் அந்தத் தெருக்களில் கிடைக்காதது எதுவும் இல்லை. இந்த முறை பழைய பல்பையே கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்க் கடைக்காரரின் மேசையில் வைத்தேன். அந்தக் கடைக்காரர் பொறுமையான மனிதர். காதுகளை ஒத்துப் பார்த்தார், தன் மேசையில் இருந்த 12 வோல்ட் பெட்டரியில் ஒவ்வொன்றையும் எரித்துக் காட்டினார். 'கேன்பஸ்' என்று எழுதிய விலை கூடிய சோடி ஒன்றும் இருந்தது. நான் கேட்கும் முன்னே அவரே சொன்னார்: "உங்கட காருக்கு அது வேணாம், மிஸ். அது பல்ப் போயிட்டுதா எண்டு கம்ப்யூட்டர் பாக்கிற காருக்கு. உள்ள தடை இருக்கு, சும்மா சூடாகும்." காசு கூடியதை விற்காமல் குறைந்ததைக் கொடுத்தார். மஞ்சள் எல்ஈடி சோடி 3,200 ரூபா, எல்ஈடி ஃப்ளாஷர் 1,450 ரூபா.

வெள்ளை ஏன் கூடாது என்பதை வீட்டில் இரவில் இரண்டையும் மாறி மாறி மாட்டிப் பார்த்தேன். எங்கள் கவர் செம்மஞ்சள் நிறம். இழை பல்பின் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் தாராளமாக உண்டு, கவர் அதை வடித்து நல்ல செம்மஞ்சளாக விடும். வெள்ளை எல்ஈடி உண்மையில் நீல எல்ஈடி, மேலே மஞ்சள் பூச்சு. கவர் அந்த நீலத்தையெல்லாம் விழுங்கிவிடும், மிஞ்சுவது வெளிறிய எலுமிச்சை நிறம். பழுத்த பப்பாளி நிறத்தில் வர வேண்டிய சிக்னல் அப்படி இருந்தால் அது பார்க் லைட்டா, சிக்னலா என்ற சந்தேகம் வரும். மஞ்சள் எல்ஈடி அந்த நிறத்தை மட்டுமே தருவதால் கவரைத் தாண்டி அப்படியே வெளியே வருகிறது. 900 ரூபாச் சோடியின் வெளிச்சத்தில் பெரும்பகுதி கவருக்குள்ளேயே முடிந்து போனது.

இன்னொரு வித்தியாசம், எல்ஈடி சில்லுகள், அதாவது ஒளி தரும் சின்னப் புள்ளிகள், இருக்கும் இடம். 900 ரூபா பல்பில் சில்லுகள் எல்லாம் உச்சியில் மட்டும். நேர் பின்னால் நின்றால் ஒரு புள்ளி பளிச்சென்று தெரியும், இரண்டு அடி விலகினால் இல்லை. லைட்டின் உள்ளே இருக்கும் வெள்ளி நிறக் கிண்ணத்துக்கு வெளிச்சமே போகவில்லை. இழை பல்பின் ஒளி எல்லாப் பக்கமும் போய்க் கிண்ணத்தில் பட்டுத்தான் வெளியே விரிகிறது, அந்தக் கிண்ணத்தைச் செய்ததே அதற்காகத்தான். மஞ்சள் பல்பில் சுற்றிலும் சில்லுகள், சோளக்கதிர் மாதிரி. ஊசிமுனை வளைவுகளில் பின்னால் வருகிறவர் நம்மை நேராகப் பார்ப்பது குறைவு, சாய்வாகத்தான் பார்ப்பார். அதனால் இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஃப்ளாஷர் மாற்றியது பத்து நிமிஷ வேலை. பழையதற்குக் கால் இரண்டு, புதியதற்கு மூன்று. பி என்பது பெட்டரி, எல் என்பது லைட், ஈ என்பது எர்த். மூன்றாவதுக்கு ஒரு கறுப்பு வயரை இழுத்து டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள இரும்பில் இறுக்கினார் தம்பி. வாங்கும்போது எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். சிஎஃப்13, சிஎஃப்14 என்று பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு வகை இருக்கிறது, காலின் வரிசை மாறும். மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போகலாம். இதன் உடம்பில் 0.02 அம்பியரிலிருந்து 20 அம்பியர் வரை என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது எல்ஈடி மட்டும் இருந்தாலும், இழை பல்ப் கலந்திருந்தாலும் ஒரே வேகத்தில் துடிக்கும். ஆய்வுகூடத்து நிறுத்தற் கடிகாரத்தால் எண்ணினேன், நிமிடத்துக்கு 84. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதியில் 60க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது, நடுவாந்தரமாக 90. பழைய தகர டப்பா ஃப்ளாஷர், எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு வேகம், ஏற்றத்தில் மிதித்தால் இன்னொரு வேகம் என்று மாறிக்கொண்டே இருந்தது. இது மாறவே இல்லை. நான் செலவழித்ததில் எர்த்துக்கு அடுத்தபடி மனம் நிறைந்த செலவு இந்த 1,450 ரூபா.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. பல்ப் ஒன்று போனால் பழைய ஃப்ளாஷர் தன் தாளத்தை மாற்றிச் சொல்லிவிடும். இது சொல்லாது. எது போனாலும் அதே 84. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் காரை எடுக்கும் முன் மகள் பின்னால் போய் நிற்கிறாள், நான் இடதும் வலதும் போடுகிறேன்.

இடது பக்கம் பின்னால் மஞ்சள் எல்ஈடி, வலது பக்கம் பின்னால் பழைய இழை பல்ப் என்று ஒரு வாரம் வேண்டுமென்றே ஓட்டினேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பாடசாலை மைதானத்தின் ஒரு கோடியில் காரை நிறுத்தி, உச்சி வெயிலில் மறுகோடியில் நின்று பார்த்தேன். இழை பல்ப் தெரிந்தது. எல்ஈடி கூர்மையாகத் தெரிந்தது. காரணம் வெளிச்சம் கூடியது மட்டும் இல்லை. இழை சூடாகி எரிய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எடுக்கும், அணைவதும் மெதுவாகத்தான். எல்ஈடி தட்டியவுடன் எரிந்து, விட்டவுடன் அணைகிறது. அந்த வெட்டு கண்ணை இழுக்கிறது. பனியில் பார்த்தபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் மைதானத்தில் இருந்த அளவு இல்லை. எர்த் சுத்தமான இழை பல்பும் பனியில் நன்றாகவே வேலை செய்கிறது. லொறிக்காரரை மறுபடி அதே தேத்தண்ணிக் கடையில் கண்டபோது, கொஞ்ச தூரம் என் பின்னால் வந்து பார்க்கச் சொன்னேன். "இப்ப தெரியுது டீச்சர், இடது பக்கம் இன்னும் நல்லா வெட்டுது" என்றார். அந்த வார இறுதியில் வலது பக்கத்துக்கும் எல்ஈடி போட்டேன்.

பனியில் ஹசாட் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த பல்ப் வைத்திருந்தாலும் அதைச் செய்யாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. ஓடும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், ஹசாட் நிற்பதற்கு.

முன்பக்கக் கதை வேறு. முன்னாலும் மஞ்சள் எல்ஈடி வாங்கிப் போட்டேன், இன்னொரு 3,200. முதல் மழை வரை நன்றாக இருந்தது. எங்கள் காரின் முன் சிக்னல் கவரின் ரப்பர் பழசு, ஈரம் உள்ளே போகும். அது எனக்கு முன்பே தெரியும், காலையில் கவரின் உட்புறம் வேர்த்திருக்கும். இழை பல்ப் இருந்தபோது பார்க் லைட்டும் சிக்னலும் எரியும் சூட்டில் தலவாக்கலை போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்துவிடும். எல்ஈடி அந்த அளவுக்குச் சூடு தருவதில்லை. வேர்வை காலையில் இருந்த மாதிரியே மாலையிலும் இருந்தது. துளிகள் சேர்ந்து கோடாக வழிந்து கீழே ஒரு கரண்டி தண்ணீர் தேங்கி, ஹோல்டரில் மறுபடி பச்சை பூக்கத் தொடங்கியது. கவருக்குப் பின்னால் இருந்து வரும் வெளிச்சம் நனைந்த கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் விளக்கு மாதிரி மங்கிப் பரவியது. அதோடு முன் கிண்ணம் ஆழம் குறைந்தது. சோளக்கதிர் மாதிரியான எல்ஈடி அதில் சரியாக அமரவில்லை, நடுவில் மட்டும் ஒரு பொட்டு. வெயிலில் எதிரே வருகிறவருக்கு இழை பல்பே மேல். இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன். ஹட்டனில் வேறொரு கடையில் கொய்ட்டோ கம்பெனியின் 12 வோல்ட் 21 வாட் இழை பல்ப் புதிதாக வாங்கி மாட்டினேன். கவரின் ரப்பரையும் மாற்றினேன். இன்றைக்கு வரை முன்னால் அதுதான், பின்னால் எல்ஈடி. ஃப்ளாஷர் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது.

நம்பர் தகட்டுக்கு மேலே உள்ள 5 வாட் பல்பை எல்ஈடியாக மாற்றினேன், பிரச்சினை எதுவும் இல்லை. பிரேக் லைட்டைத் தொடவில்லை. ஹெட்லைட்டுக்கு எல்ஈடி போடச் சொல்லிச் சில பேர் வற்புறுத்தினார்கள். பனியில் எதிரே அந்த வெள்ளை வெளிச்சத்தோடு வாகனம் வரும்போது எனக்கு ரோட்டின் ஓரமே மறைந்து போகிறது. அதை நான் இன்னொருவருக்குச் செய்ய மாட்டேன்.

பக்கத்து வீட்டில், தோட்டத்து ஒபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மொரிஸ் மைனர் வைத்திருக்கிறார். என் காரின் பின் சிக்னலைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதே பல்ப் வாங்கித் தரும்படி கேட்டார். 1961 வரை வந்த மொரிஸ் மைனர்களில் பெரும்பாலும் சிக்னல் லைட்டே கிடையாது, கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். இவருடையது அதற்குப் பிந்தியது, சிக்னல் லைட் உண்டு. ஆனால் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் உடம்பில் எர்த் ஆகியிருக்கிறது, அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் அப்படித்தான். நான் வாங்கிய எல்ஈடியை அதில் மாட்டினால் எரியவே எரியாது, எல்ஈடிக்குத் திசை முக்கியம். ஃப்ளாஷருக்கும் அதே கதி. இரண்டு திசையிலும் எரியும் பல்ப் தேடி எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு முன் தம்பியிடமிருந்து கற்றுக்கொண்டபடி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய் அவருடைய பின் ஹோல்டரில் வைத்துப் பார்த்தேன். எர்த்தில் 1.8 வோல்ட். "காசு செலவழிக்க வேணாங்க ஐயா, எமரிக் கடதாசி ஒன்னு போதும்" என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் அவர் வீட்டு வாசலில் அந்த வேலை.